உயிரோடு இருக்கிறவருக்கு ஓர் இலை

திரௌபதி அம்மன் துணை

குருவிநத்தம்
17.08.2025

அன்புள்ள தென்றல் அப்பாவுக்கு, செல்வகுமாரி எழுதிக்கொண்டது.

படையல் அன்று வீட்டில் இருந்தவர்கள்: அத்தை, மஞ்சுளா அண்ணி, அண்ணியின் வீட்டுக்காரர் ராமு அண்ணன், நம் தென்றல், நான். இதற்கு மேல் ஒருவரும் இல்லை. ஊரே கூடி நின்று பார்த்ததாக உங்களுக்கு யாரோ சொன்னார்களாம். அது பொய்.

ஒரு வாரமாக என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அத்தையிடம் பேசுகிறீர்கள். தென்றலிடம் பேசுகிறீர்கள். "அம்மா பக்கத்துலதான் இருக்காங்கப்பா" என்று அவள் சொன்னதும் வண்டி வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறீர்கள். குவைத்தில் எனக்கென்று பார்த்துத்தான் வண்டி வருகிறது போலும். அதனால்தான் எழுதுகிறேன். மடுகரை வீரமணி வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மறைந்த மாமாவுக்கு வருஷப் படையல். எப்போதும் போலக் கறிக்குழம்பு, வடை, சுருட்டு, சாராயம், புது வேட்டி எல்லாம் வைத்தோம். அதே இலையோரத்தில் ஒரு பீர் பாட்டிலும், ஒரு கிண்ணம் வறுத்த மல்லாட்டையும், நூலகப் புத்தகமும் இருந்தன. வைத்தது நான்தான். அண்ணி கவனிக்காமல் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். கற்பூரம் காட்டும்போதுதான் அத்தை பார்த்தார்கள்.

"அந்த மனுஷனுக்கு பீருன்னாலே ஆகாதே. புஸ்தகம் இன்னாத்துக்கு? கைநாட்டு வச்சவரு எந்தக் காலத்துல படிச்சாரு?" என்றார்கள். அப்புறம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அடியே, இது எம்புள்ளையோட சாமானாச்சே. உசுரோட இருக்கிறவனுக்கு எலை போட்டியாடி?" என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் நமக்கு என்னவென்று உங்களுக்கே தெரியும். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலைப் போடுவீர்கள். ஒரே ஒரு பீர். அமாவாசை, கிருத்திகை பார்த்து நான் "ஆகும்" என்று சொன்னால்தான் மூடி திறக்கும். நான் மல்லாட்டையை உரித்துக் கடலையை உங்கள் கையில் போட்டுக்கொண்டே புத்தகத்தை உரக்கப் படிப்பேன். எட்டாவதோடு நின்று, கோயில் பாட்டுப் புத்தகங்களை வைத்துத் தானாகப் படிக்கப் பழகியவள் நான். தடுக்கினால் நீங்கள் சிரித்ததில்லை. "அந்த எடத்த இன்னொரு வாட்டி படி" என்பீர்கள். கடைசியில் பாட்டில் மூடியைக் கல்லால் தட்டி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்துச் சுற்றுவோம். மலிவென்று எல்லை தாண்டி எங்கள் ஊர் மடுகரைக்குக் குடிக்க வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போன மூடிகளைப் பொறுக்கியதற்கு எங்கள் அப்பாவிடம் அடி வாங்கியவள் நான். நீங்களும் அதே விளையாட்டை இங்கே விளையாடி அடி வாங்கியதைக் கேட்ட அன்றுதான் எனக்கு இந்த வீடு சொந்த வீடு ஆனது.

அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. வேறு ஒன்றும் இல்லை.

கரும்பு ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
செல்வகுமாரி

•

குவைத்
05.09.2025

குமாரிக்கு,

கடிதம் கிடைத்தது. வீரமணி தலையணைக்கு அடியில் வைத்திருந்து கொடுத்தான்.

அந்தப் போட்டோ வந்தபோது அறையில் எல்லாரும் இருந்தோம். பிள்ளைச்சாவடி சுபாஷ் என் தோள் மேலாக எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணா, உன் பீரு, உன் மல்லாட்டை, உன் புக்கு. போட்டோ மட்டும்தான் உங்கப்பாவுது. நீ எப்போண்ணா செத்த?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் தண்ணீர் லாரியை எடுக்கவே பயமாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன்.

இங்கே பீர் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அதே மாதிரி பாட்டிலில், அதே மாதிரி மூடி போட்டு, போதையில்லாத ஒன்றை விற்கிறார்கள். கரும்புச் சாறு புளித்துப்போய் அப்புறம் மனம் திருந்தினது மாதிரி ஒரு ருசி. ஞாயிறுகளில் அதைத்தான் குடிக்கிறேன். படித்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

கை தானாகப் போனது என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. உப்பு வாங்கினால்கூட நோட்டில் எழுதிவிட்டுத்தான் பாத்திரத்தில் கொட்டுவாய். அந்தப் பீரை ராமு மாமா முந்தின நாளே வாங்கி வந்தார் என்று அக்கா சொல்லிவிட்டாள். முந்தின நாளே சொல்லி வாங்கிய பீர் எப்படிக் கை தவறி இலைக்குப் போகும்?

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். நவம்பர் கடைசிக்குள் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வந்துவிடலாம், திரும்ப வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது தெரியவில்லை. செத்தவன் கணக்கில் வைத்துவிட்டால், நான் எங்கே இருந்தால் என்ன?

நிஜத்தை எழுது. அதைப் படித்த பிறகுதான் பேனாவை எடுப்பேன்.

கலைவேந்தன்

•

திரௌபதி அம்மன் துணை

குருவிநத்தம்
23.09.2025

அன்புள்ள உங்களுக்கு,

அம்மன் படத்துக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆமாம், சொல்லித்தான் வாங்கினேன். ராமு அண்ணன், "இன்னா தங்கச்சி, சாராயம் மாமாவுக்கு, பீரு யாருக்கு?" என்று கேட்டார். நான் பாட்டிலை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இலையில் வைக்க வாங்கியதில்லை. எல்லாம் முடிந்ததும் கொட்டகைப் பக்கம் போய், அதை எதிரே வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படித்துவிட்டு வரலாம் என்றிருந்தேன்.

காலையில் மாமா படத்தை இறக்கித் துடைத்துப் பொட்டு வைத்தேன். எதிர்ச்சுவரில் உங்கள் படத்திலும் தூசி. அதையும் துடைத்தேன். துடைக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. அவர் வருஷத்துக்கு ஒரு நாள் வருகிறார். நீங்கள் ஒரு மாசம் வருகிறீர்கள். அவருக்குப் பிடித்ததைச் சமைக்கிறோம், சாப்பிட்டாரா என்று தெரிவதில்லை. நீங்கள் "சாப்டேன்" என்கிறீர்கள், அதுவும் எனக்குத் தெரிவதில்லை. அவர் படத்திடம் வீட்டு விஷயம் சொல்கிறேன், உங்கள் படத்திடமும் சொல்கிறேன். அவரோடு சண்டை போட முடியாது. தூரத்தில் இருக்கிற உங்களோடு எதற்குச் சண்டை என்று உங்களிடமும் விழுங்கிக்கொள்கிறேன். எனக்கு இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

அப்போதுதான் எடுத்துப் போய் வைத்தேன். நீங்கள் இல்லை என்று நினைத்து வைக்கவில்லை. இலை போட்டால் வருவார்கள் என்று நம்பித்தானே போடுகிறோம். அந்த நம்பிக்கைதான்.

அத்தை என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பூசாரியிடம் சொன்னார்கள். அவர் தாடியைத் தடவினார். "எலைக்கு உரியவன் வூட்டுக்கு வந்து, எலையில உக்காந்து, தன் கையால சாப்ட்டா முடிஞ்சிது. இதுக்கு நான் இன்னா பண்ணணும்?" என்று போய்விட்டார். அத்தை அன்றிலிருந்து என்னோடு மறுபடி பேசுகிறார்கள்.

அந்தப் பாட்டிலை யாரும் திறக்கவில்லை. "பேய் பீரு எனக்கு வேணாம்" என்று ராமு அண்ணனே ஒதுங்கிவிட்டார். அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். புரட்டாசி மாசம், வீட்டில் அது இருப்பதே தப்பு. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நுரை பீரில் சேராது என்று சொல்லி என் நாக்கில் ஒரு விரல் நுரை தொட்டு வைப்பீர்களே, அதைப் பொறுத்தவள் இதையும் பொறுப்பாள்.

உங்கள்
செல்வகுமாரி

•

குவைத்
14.10.2025

அன்புள்ள குமாரி,

கோபம் போய்விட்டது. படித்தபோது லாரியில் தண்ணீர் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்கவில்லை. மேஸ்திரி கத்தினார்.

கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் இன்னும் சொல்லவில்லை. எனக்கு ஒரு பயம் இருக்கிறது. போன முறை வந்தபோது எனக்குப் புதுத் தட்டில் சாப்பாடு வைத்தாய். விருந்தாளிக்கு வைக்கிற தட்டு. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தென்றல் எனக்குக் காட்டினாள். நான் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தேன், நீ பக்கத்து வீட்டு வேலை, கோயில் வேலை என்று வரவே இல்லை. ஞாயிறுகள் அப்படியே போயின. நானும் கேட்கவில்லை. வந்தால் அந்தப் பழைய ஞாயிறு அங்கே இருக்குமா, இல்லை, நாம் இரண்டு பேரும் அதை நினைத்துக் கடிதம் மட்டும்தான் எழுத முடியுமா? இதுதான் என் பயம்.

சுபாஷ் ஊருக்கு வருகிறான். இந்தத் திருந்திய பீரின் மூடி ஒன்றைத் தட்டி ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன். நூல் நீ கோத்துக்கொள்.

கலைவேந்தன்

•

திரௌபதி அம்மன் துணை

குருவிநத்தம்
27.10.2025

அன்புள்ள உங்களுக்கு,

சுபாஷ் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, மூடியைக் கொடுத்துவிட்டுப் போனான். நூல் கோத்துச் சுற்றினேன். "இன்னாடி அது, வண்டு மாதிரி" என்று அத்தை எரிந்து விழுந்தார்கள். பிறகு வாங்கித் தானும் சுற்றினார்கள். தென்றலுக்கு முறை வரவே இல்லை.

தட்டு விஷயம் நீங்கள் சொன்னது சரி. நல்லது வைக்க வேண்டும் என்று நினைத்து வைத்தேன். உங்கள் நெளிந்த தட்டு பரணில் இருந்தது. புளி போட்டுத் தேய்த்து அடுக்கில் வைத்திருக்கிறேன். கட்டிலுக்கும் கயிறு மாற்றியாயிற்று. போன முறை நான் வராததற்குக் காரணம் வேலை இல்லை. நீங்கள் திரும்பப் போகிறவர். மறுபடி பழகிக்கொண்டால் மறுபடி நிறுத்த வேண்டும். அதற்குப் பயந்துதான் வரவில்லை. உங்களுக்கு ஒரு பயம் என்றால் எனக்கும் ஒன்று இருந்தது.

பழைய ஞாயிறு இருக்குமா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. முதல் இரண்டு வாரம் நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், திரும்பப் போகாதவரோடு கூச்சப்பட எனக்கு நேரம் இருக்கிறது.

நாம் நிறுத்திய பக்கத்திலேயே புத்தகத்தை வைத்திருக்கிறேன் என்று எழுத ஆசை. பொய் எழுத மாட்டேன், முடிவு வரை படித்துவிட்டேன். ஆனாலும் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறேன். "இத வேற யாரும் படிக்கக் கூடாதாம்மா?" என்று நூலகர் சின்னப்பிள்ளை கேட்கிறார். நீங்கள் வந்தால் முடிவு தெரியாதவள் போலவே படிப்பேன். நடுவில் நான் அழுதால் கண்டுகொள்ளாதீர்கள்.

அந்தப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி கடைசி வரை கெடாது என்று அதன் மேல் போட்டிருக்கிறது.

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் எழுதுங்கள். அன்று கிருத்திகையா அமாவாசையா என்று நான் பார்க்க வேண்டும், முந்தின நாளே குளிர வைக்க வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
செல்வகுமாரி