மைக் டெஸ்டுக்கு முனகிய மெட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். லீவில் வந்த எதிர்வீட்டு நர்ஸம்மா நாளைக்கு நீ இருக்கிற நாட்டுக்கே திரும்புகிறார், அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன், போனில் பேசுகிற விஷயம் இல்லை இது.

பயப்படாதே, நம் மைக் செட்டைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆம்ப்ளிஃபயர், இரண்டு மைக், நாலு குழாய் ஸ்பீக்கர், போதாக்குறைக்கு ஒயர் சுற்றுகிற மரச்சட்டத்தையும் தூக்கிப் போனார்கள், அதை வைத்து என்ன செய்யப்போகிறார்களோ. போன வாரம் அமைச்சர் கூட்டத்துக்கு மைக் கட்டச் சொல்லி ஆள் வந்தது, முடியாது என்று சொல்கிற நிலைமையா நம்முடையது. அண்ணனை விசாரணைக்கென்று வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன நாளிலிருந்து அம்மா வீட்டில் தனியாக இருப்பதில்லை, நான் எங்கே வேலைக்குப் போனாலும் கூடவே வந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள், அன்றும் வந்தாள். மைதானம் முழுக்க பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்த ஜனம், காலையிலிருந்து வெயிலில் காய்கிறது. நான் மைக்கைச் சரிபார்க்க வழக்கம்போல முனகினேன். உனக்குத்தான் தெரியுமே, ஒன் டூ த்ரீ சொல்ல எனக்குக் கூச்சம், முப்பது வருஷமாக அந்த ஒரே மெட்டுதான், சின்ன வயதில் நீயும் அண்ணனும் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து கூடவே முனகுவீர்கள். மெட்டு இரண்டு அடி போயிருக்கும், முன்வரிசையில் ஒரு அம்மா வாய்விட்டுப் பாட ஆரம்பித்தார், "வந்த வண்டி திரும்பிப் போச்சு, ஏறின பிள்ளை எங்கே" என்று. பிறகு பத்துப் பேர், நூறு பேர், கடைசியில் மைதானமே பாடுகிறது, என் கையிலிருந்த மைக் அவ்வளவையும் வாங்கிக் குழாய் வழியாகக் கொட்டுகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீ அண்ணனைப் பற்றி அங்கிருந்து பாட்டுப் போட்டதும் அதை இங்கே தடை செய்ததும் தெரியும், ஆனால் என்னைக் கண்டாலே பயந்து எல்லாரும் போனை அணைத்துவிடுவதால் ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. நம் மெட்டில்தான் போட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, கழுதை. அணைத்துவிடு என்று அம்மாவுக்குக் கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினாள்.

ஸ்டேஷனில், பழைய மெஷின், சத்தம் குறைக்கிற திருகு சிக்கிக்கொண்டது என்று சாதித்துவிட்டேன். மெட்டு யாருடையது என்று கேட்டார்கள், என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், பொய் இல்லையே. இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள், அந்த இரண்டு நாளும் அம்மா ஸ்டேஷன் வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள், அதை மட்டும்தான் அவர்கள் எடுக்கவில்லை. கிளம்பும்போது பெரிய அதிகாரி கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மகள் அந்தப் பாட்டை எடுத்துவிட்டுத் தப்பு என்று வீடியோவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மகனைப் பார்க்க ஏற்பாடு செய்யலாம் என்றார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்த கையோடு எழுத உட்கார்ந்தேன், எடுத்துவிடம்மா என்று. அவன் முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும் என்றிருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். அம்மா வாங்கிப் படித்தாள். இரண்டு வருஷமாக எந்த ஆபீசுக்குப் போனாலும் அப்படி ஒரு வண்டியே வரவில்லை, அப்படி ஒரு பையனைக் கொண்டுவரவே இல்லை என்று சத்தியம் செய்தவர்கள்தானே இவர்கள். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அவள் சொன்னாள், "பார்க்க ஏற்பாடு பண்றேன்னா அவங்ககிட்டதானே இருக்கான். நாம கேட்டதுக்கு இப்பதான் முதல் தடவையா பதில் வந்திருக்கு. இப்பப் போயி கேக்கிறத நிறுத்தச் சொல்றீங்களே." பாட்டு நின்ற மறுநாளே அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று பழையபடி சொல்லிவிடுவார்களாம்.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, வாசலுக்குப் போகிறேன், வண்டிச் சத்தம் கேட்டால் உள்ளே ஓடிவருகிறேன். அவனை என்ன செய்வார்களோ. ஆனாலும் பாட்டை எடுக்காதே. அதிகாரி சொன்னதை நாள், நேரம் முதற்கொண்டு தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அங்கே உனக்குத் தெரிந்த வக்கீல்களிடம் கொடு. திங்கட்கிழமை போய், மகள் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறாள் சார் என்று சொல்லப்போகிறேன். நம் தெருவில் யாரை விசாரித்தாலும் அது உண்மை என்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெளியே தனியாகச் சுற்றாதே, குரல் கெடாமல் நீ நீண்டகாலம் வாழவேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். படித்ததும் இதைக் கிழித்துவிடு, தனித்தாளைப் பத்திரப்படுத்து. சொல்ல மறந்துவிட்டேன், "பிள்ளை எங்கே" என்ற இடத்தில் நான் முனகும்போது மெட்டு கீழே இறங்கி முடியும். மைதானத்தில் எல்லாரும் இறக்காமல் மேலேயே நிறுத்தினார்கள், நீதான் மாற்றியிருப்பாய். அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அப்பா