வெள்ளிக்கிழமை மட்டும் நகரும் முள்

பிப். 6, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணி வரை மலையே தெரியவில்லை. செருப்பு வார் அறுந்தது. தோலுக்குப் பேர்போன ஆம்பூரில் அறுந்த செருப்போடு பள்ளிக்கூடம் போகிற சயன்ஸ் வாத்தியார் நான் ஒருவன்தான் இருப்பேன்.

வேலூர்க் கல்லூரியில் வேலை பார்க்கும் பழைய சிநேகிதன் இரண்டு பிளாட்டினத் தகடு இரவல் தந்திருக்கிறான். 17ஆம் தேதி திருப்பித் தர வேண்டும். அதற்குள் ஐந்தாம் பாரத்துப் பையன்களுக்கு வாயு மின்கலம் செய்து காட்ட ஆசை. அமிலத்தில் இரண்டு குழாய், ஒன்றில் ஹைட்ரஜன், ஒன்றில் ஆக்சிஜன், இரண்டிலும் ஒவ்வொரு தகடு. வாயுக்கள் சேர்ந்து தண்ணீராகும். போகிற போக்கில் மின்சாரமும் தரும். ஆனால் வெறும் தகடு போதாது. அதன்மேல் பிளாட்டினத்தையே மெல்லிய கருப்பாகப் படியவிட வேண்டும். அந்தக் கருப்பு தான் செலவாகாமல் அவை இரண்டையும் சேர்த்து வைக்கும். கல்யாணத் தரகர் மாதிரி, கமிஷன் மட்டும் கிடையாது.

இன்று கருப்பு ஏற்றியாயிற்று. ஆய்வறை அட்டெண்டர் காசிம் பாய் கழுவி, கிண்ணத் தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வைத்தார். வைத்துவிட்டு மூக்கைச் சுருக்கினார். “காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சி சார். ஜன்னல மூடட்டுமா?”

“வேணாம் பாய், வெளிச்சம் போயிடும்.”

பிப். 7, புதன்

மின்கலம் பொருத்தினேன். கால்வனாமீட்டர் முள் இரண்டு கோடு நகர்ந்தது. பிறகு பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

சந்தேகம்: 1. துத்தநாகம் மட்டம் (ஹைட்ரஜன் அதிலிருந்துதான் எடுக்கிறேன்). 2. அமிலம் பழசு. 3. என் ராசி.

முதல் இரண்டையும் மாற்றிப் பார்த்தேன். பலனில்லை. மூன்றாவதை மாற்ற வழியில்லை.

தகடுகளைச் சிவக்கக் காய்ச்சிச் சுத்தம் செய்து மறுபடி கருப்பு ஏற்ற வேண்டும். கருப்பு ஏற்றுகிற மருந்து இன்னும் மூன்று தடவைக்குத்தான் வரும்.

பிப். 9, வெள்ளி

நல்ல வெயில். மாமரம் முழுக்கப் பூ.

காலையில் கருப்பு ஏற்றினேன். காசிம் பாய் பன்னிரண்டுக்கே ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். கழுவியது, தூக்கியது, பொருத்தியது எல்லாம் நான். முள் நகர்ந்தது. பதினான்கு கோடு! அரை மணி நேரம் அசையாமல் நின்றது. சொல்ல ஆளில்லாமல் ஆபீஸ் குமாஸ்தாவை இழுத்து வந்து காட்டினேன். “ரொம்ப சந்தோஷம் சார். வருகைப் பதிவேடு இன்னும் வரல” என்றார்.

இரண்டு மணிக்குக் காசிம் பாய் வந்து, மின்கலத்தைப் பிரித்து, தகடுகளைக் கழுவி, கிண்ணத்தில் போட்டு ஜன்னலோரம் வைத்தார். திங்களன்று வகுப்பில் காட்டலாம்.

வீட்டுக்காரி மனோன்மணிக்குக் கதம்பம் வாங்கிப் போனேன். “இன்னாங்க விசேஷம்?” என்றாள். பிளாட்டினம் என்றேன். சிரித்தாள்.

பிப். 10, சனி

அரை நாள் பள்ளி. அதே தகடு, அதே அமிலம். முள் அசையவில்லை.

ஒரு யோசனை வந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. காசிம் பாய் இல்லாதபோது ஓடியது. அவர் தொட்ட பிறகு செத்தது.

பிப். 12, திங்கள்

மறுபடி கருப்பு ஏற்றினேன். அவரைக் கழுவச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். சுத்தமாகத்தான் கழுவினார். அவர் நகக்கண் எல்லாம் பழுப்பு. தோல் பதனிடும் டேனரிக் குழியில் பதினெட்டு வருஷம் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய கை.

சாயங்காலம் முள் பூஜ்யம். மருந்து இனி ஒரே தடவைக்கு.

எனக்குக் கோபம் வந்தால் உடனே எழுதிவிடுகிற வியாதி உண்டு. தலைமை ஆசிரியருக்கு எழுதினேன்: “டேனரியில் பழகிய கை. எவ்வளவு கழுவினாலும் தோஷம் போகாது. நுட்பமான கருவிகளுக்கு இவர் ஆகமாட்டார்.” கையெழுத்து அழகாக வந்திருந்தது.

பிப். 13, செவ்வாய்

த.ஆ. இவ்வளவு சுறுசுறுப்பானவர் என்று தெரியாமல் போயிற்று. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி காலையிலேயே காசிம் பாயிடம் சொல்லிவிட்டார்.

அவர் குழாய்களைத் துடைத்து அடுக்கிவிட்டு வந்து நின்றார்.

“நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?”

“தப்புன்னு இல்ல பாய். அந்தத் தகடு கொஞ்சம் அழுக்கு பட்டாலும் கெட்டுப்போவும்...”

“சோப்பு போட்டுத்தானே சார் கழுவறேன்.” கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “திரும்ப டேனரிக்குத்தான் போவணும். டாக்டர் குழில எறங்காதேன்னுட்டாரு. நெஞ்சுல சளி ஜாஸ்தி. பரவால்ல, பாத்துக்கலாம்.”

பரவாயில்லை என்று அவர் சொன்னதுதான் என்னமோ செய்கிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். பல்வலி என்று மனோன்மணியிடம் பொய் சொன்னேன்.

பிப். 14, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. அரக்கோணத்திலிருந்து மைத்துனி தேவகி வந்திருக்கிறாள். வாசலில் கால் வைத்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். “எப்டிக்கா இந்த நாத்தத்துல இருக்கறே?”

“எந்த நாத்தம்?” என்றாள் மனோன்மணி. நானும் அதையேதான் கேட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது மனோன்மணி கொல்லையில் சாம்பலும் புளியும் வைத்துக் கொலுசு தேய்த்துக்கொண்டிருந்தாள். தேவகி தன் காலைக் காட்டினாள். “எனுது தீபாவளிக்குத் தேச்சது. இன்னும் அப்டியே இருக்குது. உனுது இன்னாக்கா, இரும்பு மாதிரி கருத்துக்கெடக்குது?”

“இந்த ஊர்ல வாராவாரம் தேய்க்கணும்டி. எல்லா வீட்லயும் தேய்ப்பாங்க.”

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

கொலுசைக் கருக்க வைக்கும் வாயு எதுவென்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். அழுகிய முட்டை நாற்றம் என்று பையன்களை மனப்பாடம் செய்யவும் வைக்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு. டேனரியில் முடி நீக்கும் சுண்ணாம்புக் குழியிலிருந்து கிளம்பி என் ஜன்னல் வழியாக வருகிறது. துளி பட்டால் போதும், பிளாட்டினக் கருப்பு விஷம் குடித்த மாதிரி செத்துவிடும். ஏழு வருஷம் இங்கேயே இருந்து என் மூக்கும் செத்துவிட்டது.

அப்புறம் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குக் காசிம் பாய் மட்டுமா போகிறார்? முதலாளிகள், வேலையாட்கள் எல்லாரும்தான். அன்றைக்கு டேனரி மூடியிருக்கும், யாரும் குழியைக் கலக்கமாட்டார்கள். ஆம்பூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும் இது.

ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டார். அவர் மூக்கு இன்னும் வேலை செய்கிறது. நான்தான் வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் பள்ளிக்கு ஓடினேன். ஈய உப்பில் நனைத்த காகிதம் இரண்டு. ஒன்று ஜன்னலில். ஒன்று மூடிய பாட்டிலில். அந்த வாயு பட்டால் காகிதம் கருக்கும்.

பிப். 15, வியாழன்

ஜன்னல் காகிதம் கருப்பு. பாட்டில் காகிதம் வெள்ளை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு த.ஆ. அறைக்குப் போனேன். தவறு என்னுடையது, கடிதத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “திங்கக்கிழமை ஆள அனுப்புன்னு எழுதறீர். வியாழக்கிழமை வெச்சுக்கோன்றீர். நான் இன்னா பொம்மையா?” முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டேன். கடைசியில் கிழித்துப் போட்டார்.

காசிம் பாயிடம் நானே சொன்னேன். மன்னிச்சிடுங்க என்றும் சொன்னேன். “சரி சார்” என்றார், அவ்வளவுதான். பிறகு அமில ஜாடியை எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “நீங்களே எடுங்க சார், எதுக்கு வம்பு” என்றார். நாள் முழுக்க அந்த மேஜையில் எதையும் தொடவில்லை.

வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பிப். 16, வெள்ளி

வெயில். காற்று இல்லை. செருப்புக்கு வார் தைத்தாயிற்று.

நாளை தகடு வேலூருக்குப் போகிறது. மிச்சமிருந்த மருந்தில் கடைசிக் கருப்பு ஏற்றினேன். பையன்களைச் சுற்றி நிற்க வைத்தேன்.

வெள்ளிக்கிழமையில் காசிம் பாய் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சோதித்ததே இல்லை. சயன்ஸ் வாத்தியார் முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை அதுதான்.

“பாய், இன்னிக்கு நீங்கதான் பொருத்தணும்.”

“வேணாம் சார். கடைசி மருந்துன்னீங்க.”

“அதுக்குத்தான்.”

பையன்கள் அவரையே பார்த்தார்கள். குழாயடிக்குப் போனார். மூன்று தடவை சோப்பு போட்டார். வந்து, தகடுகளைக் கழுவி, கம்பியைப் பிடித்துத் தூக்கி, குழாய்க்குள் இறக்கினார்.  

பதினான்கு.

பையன்கள் கூச்சல். காசிம் பாய் முள்ளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஈரக்கையைத் துண்டில் துடைத்தார். பிறகு, “தொழுகைக்கு நேரமாச்சு சார்” என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் அமில ஜாடியை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

குறித்துக்கொண்டேன். அவர் இருந்தபோது பதினான்கு. போன பிறகும் பதினான்கு.