வெள்ளிக்கிழமை நான் படிக்காத சீட்டு

நேற்று உங்கள் கம்பெனிச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒடிசாக்காரர் உங்கள் உயரம், உங்கள் உடம்பு. பீரோவில் பூச்சி அரிப்பதைவிட ஒரு மனுஷன் போட்டுக்கொள்ளட்டும் என்று மூன்று சட்டைகளை எடுத்தேன். எத்தனையோ முறை ஊறவைத்து அடித்துத் துவைத்தவைதான். சூடு பட்டதும் மெஷின் ஆயில் வாசனை குப்பென்று எழுந்தது. நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் ஷூவைக் கழற்றுகிறீர்கள் என்றே ஒரு நொடி நினைத்துவிட்டேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த மனுஷனிடம், "இன்னும் காயலைங்க, நாளைக்குத் தரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பாருங்கள், நான் எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறேன் என்று. உங்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஹோசூரில் இருபத்திரண்டு வருஷம் உங்களோடு குடித்தனம் செய்தேன். உப்பு கூடினாலும் குறைந்தாலும் உங்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் பேச வேண்டிய ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஓவர்டைம் போட்டிருந்தார்கள். திருவிருந்து ஆராதனை, வராமல் இருக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றது நான்தான். நீங்கள் சரவணனுக்கு போன் செய்தீர்கள். உங்களோடு வேலை செய்த பர்கூர்ப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்பீக்கரில் அவன் குரல் எனக்கும் கேட்டது. "நீங்க சர்ச்சுக்குப் போயிட்டு வாங்கண்ணா, உங்க மெஷின நான் பாத்துக்கறேன்" என்றான்.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் பையில் போன் அதிர்ந்தது. நான் முறைத்தேன். நீங்கள் அணைத்துவிட்டீர்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்து பார்த்தபோது பதினேழு அழைப்புகள். டை என்கிற இரும்பு அச்சை மாற்றும்போது கிரேனில் கட்டியிருந்த பெல்ட் அறுந்து, அந்த அச்சு உங்கள் மெஷினுக்கு முன்னால் நின்றிருந்த சரவணன் மேல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவசியமே இருக்கவில்லை.

மறுநாள் சாவு வீட்டுக்குப் போனோம். நீங்கள் ஆண்களோடு பந்தலில் உட்கார்ந்தீர்கள், நான் உள்ளே போனேன். அவன் மனைவிக்கு ஏழு மாசம். அந்தப் பெண் என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டே போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரும் காலைல வெளக்கு வெச்சு சாமி கும்புட்டுட்டுத்தாங்க்கா போனாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் கேட்டீர்கள்.

"அந்தப் பொண்ணு உன்கிட்ட என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலைங்க. அழுதுகினே இருந்தா."

அவள் சொன்னது என் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது. அதை விழுங்கத்தான் அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்து நின்றேன். சபையில் எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். "என் வீட்டுக்காரர் அன்னைக்கு வேலைக்குப் போயிருந்தா நான் இன்னைக்கு விதவையா நின்னிருப்பேன். ஆலயத்துக்கு வந்ததால கர்த்தர் அவரைக் காப்பாத்தினார்" என்று மைக் அதிரச் சொன்னேன். கூரை பிய்கிற மாதிரி அல்லேலூயா எழுந்தது. நீங்கள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து தட்டில் சோறு போட்டேன். நீங்கள் கை வைக்கவில்லை.

"அப்ப சரவணனை ஏன் காப்பாத்தல?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுங்க. சாப்பிடுங்க, ஆறுது."

சண்டைக்காரி நான். எத்தனை விஷயத்துக்கு உங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு எதிரே உட்கார்ந்து பேச எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்களும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நல்லவேளை, மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், உங்களுக்கு மதிய ஷிப்ட் என்பதால் நீங்களும் வந்திருந்தீர்கள். சபை வாசலில் இருக்கும் பெட்டியில் அவரவர் ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள், பெயர் எழுத வேண்டியதில்லை. எஸ்தர் அக்காவும் நானும் வாரம் மாற்றி வாரம் அந்தப் பெட்டியைத் திறந்து சத்தமாகப் படிப்போம். ஒவ்வொன்றுக்கும் சபை சேர்ந்து ஜெபிக்கும். அன்று அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் நான் படித்தேன். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு மகளின் வரன், ஒருவருக்கு விசா. ஐந்தாவதாகப் பிரித்த சீட்டில் எழுத்து மேலே மேலே ஏறிக்கொண்டு போயிருந்தது. இடது கையால் நீங்கள் எழுதினால் வரிகள் அப்படித்தான் ஏறும். மளிகைச் சாமான் எழுதிக் கொடுத்தாலும் நான் கேலி செய்வேனே.

"கடவுள் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இருப்பதுபோல் நடிக்கவும் முடியவில்லை. எனக்காக ஜெபியுங்கள்."

படித்தால் என்ன ஆகியிருக்கும்? நூறு பேர் கண்ணை மூடி உங்களுக்காக ஜெபித்திருப்பார்கள், யார் என்றே தெரியாமல். ஆனால் கையெழுத்து எனக்குத் தெரியும் அல்லவா? அவமானம், பயம், உங்கள் மேல் கோபம். கட்டின பெண்டாட்டியிடம் சொல்லாமல் ஒரு பெட்டியில் போய்ச் சொல்லியிருக்கிறாரே என்று வயிறு எரிந்தது. சீட்டை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டு அடுத்ததைப் பிரித்தேன். கடைசிச் சீட்டு முடிந்து ஆமென் சொன்னபோது, ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் நீங்கள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தீர்கள்.

பைக்கில் வரும்போது முன்னால் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"இன்னைக்கு எத்தனை சீட்டு இருந்துச்சு?"

"பதினொண்ணுங்க."

"எல்லாத்தையும் படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன்."

"சரி" என்றீர்கள். வீட்டுக்கு வந்ததும் நான் நேரே சமையலறைக்குப் போய் அந்தச் சீட்டை அடுப்பில் போட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் மாலை ஜெபம் ஒரு நாளும் நிற்கவில்லை. நீங்கள் வேதம் வாசித்தீர்கள், நான் ஜெபித்தேன், இரண்டு பேரும் ஆமென் சொன்னோம். நீங்கள் எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

கேண்டீனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். பாஸ்டர் ஐயா எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தார். நெற்றியில் பூசிவிட்டு, "தம்பி, ஆண்டவரை விசுவாசிக்கிறீங்களா?" என்று கேட்டார். நீங்கள் முகத்தில் இருந்த மாஸ்கை விலக்கினீர்கள்.

"அவகிட்டக் கேளுங்க ஐயா."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் படித்தது உங்களுக்குத் தெரியும் என்று. ஆனாலும் என் வாயில் என்ன வந்தது? "விசுவாசிக்கிறாருங்க ஐயா." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "பாவம் நீ" என்பதுபோல் பார்த்துவிட்டு மாஸ்கைத் திரும்பப் போட்டுக்கொண்டீர்கள். மறுநாள் விடியும்போது போய்விட்டீர்கள். கல்லறையில், விசுவாசத்தைக் கடைசி வரை காத்துக்கொண்ட சகோதரர் என்று பாஸ்டர் சொன்னார். நான் தலையாட்டினேன்.

போன வாரம் எஸ்தர் அக்கா வந்திருந்தார். என்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, உங்களைப் பற்றி ஒரு கதை சொன்னார். "உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு, இனிமே என்னா இருக்குது, சொல்லிடறேன். சரவணன் தம்பி தவறின வருசம் ஒரு நாளு வந்து, 'அக்கா, இந்த வெள்ளி உங்க முறையாமே, அவளைப் படிக்க விட்டுடுங்க' ன்னாரு. நானும் தொண்டை கட்டிக்கிச்சுன்னு பொய் சொல்லி உன்கிட்டக் குடுத்தேன். பொண்டாட்டி குரலைக் கேக்க அவ்ளோ ஆசை பாரு அந்த மனுசனுக்கு!"

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கத்தினேன்.

பெட்டியிடம் சொல்லவில்லையா நீங்கள்? சபையிடம் சொல்லவில்லையா? என்னிடம் சொன்னீர்களா? நேரில் கேட்டபோது சோறு ஆறுகிறது என்று வாயை அடைத்தவளிடம், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இந்த வழியைக் கண்டுபிடித்தீர்களா? அட மனுஷா, என் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா? இருபத்திரண்டு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அது. அதைத்தான் அடுப்பில் போட்டேன்.

எல்லாரும் நீங்கள் பரலோகத்தில் இருக்கிறீர்கள் என்கிறார்கள். இருந்தால் அங்கே சரவணனும் இருக்க வேண்டும், இல்லையென்றால் எனக்கு அந்த இடம் வேண்டாம். இன்னும் முழங்கால் போடுகிறேன். யார் கேட்கிறார் என்று தெரியாமலே போடுகிறேன். பாதி ஜெபத்தில் பேச்சு உங்களிடம் திரும்பிவிடுகிறது. நீங்கள் கேட்கிறீர்களா என்பதும் தெரியவில்லை.

அன்று பைக்கில் உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். உங்கள் காது என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பர்கூரில் அந்தப் பெண் என் கையைப் பிடித்த நாளிலிருந்து நான் தூக்கிக்கொண்டு திரிந்ததைச் சொல்ல ஒரு வரி போதும். சொல்லியிருந்தால் நீங்கள் தனியாகப் போயிருக்க மாட்டீர்கள்.

எனக்கும் தெரியலைங்க. கடவுள் இருக்காரான்னு எனக்கும் தெரியலை.