வீராயி விட்டுப்போன கன்று

முதலியார்பேட்டை,
11-10-1959

அன்புள்ள பலராமனுக்கு,

பிரான்சில், உன் மார்செய் பட்டணத்தில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். உன் அக்காள் தனக்கொடி தை மாதக் கல்யாணத்துக்கு இப்போதே புடவை பார்க்கிறாள். எங்கள் பெண் சந்திரகலா உனக்காகக் கைக்குட்டையில் பூப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமும். ஆனால் மாட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் பால் சங்கத்தாருக்கு நான் பொலிகாளைப் பதிவேடு எழுதியது உனக்குத் தெரியும். விதைநெல்லுக்கு நல்ல கதிரைத்தானே பொறுக்குகிறோம் என்று சொல்லி, செவலைக்காளை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குக் காயடிக்கச் சொன்னவன் நான். பிறந்த கிடாரிகள் வாட்டசாட்டமாக வளர்ந்தன. ஊரே புகழ்ந்தது. அவை பருவத்துக்கு வந்தபோதும் செவலையைத்தான் சேர்த்தோம். வேறு காளை ஏது?

பங்குனியில், சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீராயி ஒரு கன்றைத் தூக்கிவந்தாள். இரண்டு கண்ணிலும் வெள்ளை. "நோட்டு நோட்டா எழுதினீங்களே வாத்தியாரே, இது எந்தப் பக்கத்துல இருக்குது?" என்று கேட்டுவிட்டு, அதை என் வாசலிலேயே விட்டுப்போனாள். அப்புறம் இன்னும் மூன்று வீடுகளில் அப்படியே பிறந்தன. மாட்டு டாக்டர் பதிவேட்டைப் புரட்டி, "அப்பனும் தாத்தனும் ஒரே காளை. நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே, ஐயா" என்றார். இரண்டு பிள்ளைகள் ஒரே பலகையைப் பார்த்து எழுதினால், ஒருவன் தப்பை மற்றவனைக் கொண்டு திருத்த முடியாது. வகுப்பில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

கன்று எங்கள் கொட்டகையில்தான் இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் முகத்தைச் சாய்த்துக் காதைத் திருப்பும். எங்கள் பிள்ளை துரையும் அப்படித்தான் செய்வான். அலைச்சத்தம் கேட்கட்டும் என்று நீ அவனைத் தோளில் தூக்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோவாய். நாலு வயது வரைதான் இருந்தான். அவன் கண்ணிலும் இதே வெள்ளை. சூலியாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் என்று உன் அக்காள் இன்றும் ஆடியில் அம்மனுக்குக் கண்மலர் சாத்துகிறாள்.

பலராமா, அவள் என் அக்காள் மகள். உரிமை என்று கேட்டுக் கட்டியவன் நான். இப்போது நீயும் உன் அக்காள் மகளைக் கட்டப்போகிறாய். மாடுகளுக்கு எழுதுவதுபோல நம் குடும்பத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பிறகு தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். சந்திரகலாவுக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பாய். அந்தக் கிடாரிகளுக்கும் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று தனக்கொடி கன்றுக்குக் கஞ்சி வைத்துவிட்டு, "வாடா துரை" என்றாள். சொன்னதை அவளே கவனிக்கவில்லை.

கல்யாணம் வேண்டாம் என்று நீயே எழுதிவிடு. அங்கே ஒருத்தியைப் பார்த்திருப்பதாக எழுது. உன் அக்காள் உன்னைத் திட்டுவாள். குழந்தை அழுவாள். நானும் அவர்கள் எதிரில் உன்னைத் திட்டுவேன். பொறுத்துக்கொள். பொய் சொல்லாதே என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் உன்னிடம் ஒரு பொய் கேட்கிறேன். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கிரகணம் இல்லை என்று சொன்னால், பின்னே எதனால் என்று அவள் கேட்பாள்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. நீ யாரைக் கட்டினாலும், உனக்குப் பிறக்கும் பிள்ளை உன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

உன் மாமா,
சக்கரபாணி