வயிற்றை உள்ளே இழுப்பவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்ற வரி இந்த முறை அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான். அப்பாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். போனில் பேசினால் அவர் காதில் விழுந்துவிடும். அதனால்தான் கடிதம்.

முதலில் என் அறிவியல் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தனக்கு மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைப்பதை அளக்க வேண்டும். நினைப்பை எதைக்கொண்டு அளப்பது? நம் தையல் கடையில் இருப்பதையே எடுத்தேன். கட்டிங் மேசைமேல் இஞ்சு டேப்பை நீட்டினேன். இந்த முனை என்றால் வரவே வராது, அந்த முனை என்றால் கட்டாயம் வரும், உங்களுக்கு எங்கே என்று விரல் வைக்கச் சொன்னேன். பிறகு உங்கள் வயதுக்காரர்களுக்கு எங்கே என்று கேட்டேன். எல்லாருமே தங்களுக்குக் குறைவாகவும் மற்றவர்களுக்கு அதிகமாகவும்தான் வைத்தார்கள். நம் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அண்ணன், காதில் சிகரெட்டைச் செருகிக்கொண்டே, "எனக்கு நெஞ்சு இரும்பு பாப்பா, அந்த பேங்க் வாட்ச்மேன்தான் பாவம்" என்றார். வாட்ச்மேனைக் கேட்டால், காஜா அண்ணன்தான் பாவம் என்கிறார்.

அப்பா, வரவே வராது என்ற பக்கத்துப் பித்தளை முனையையே தொட்டார். "இதுக்கு முன்னாடி டேப்பு இல்ல, இருந்தா அங்க வெச்சிருப்பேன்" என்றதும் கடையே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேல்தட்டிலிருந்து துணிக்கட்டை இறக்க இப்போதெல்லாம் அவர் காஜா அண்ணனைத்தான் கூப்பிடுகிறார். மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பில் என்னவோ குத்துகிறது என்று குனிந்து பார்க்கிறார். அம்மா சண்டை போட்டு டாக்டரிடம் கூட்டிப் போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் உடனே இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பாவோ வெறும் வாயு என்கிறார். உனக்குச் சொல்லக் கூடாதென்று எங்களிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார். சொன்னால், "வக்கீலம்மா பரீட்சையை விட்டுட்டு ஓடி வந்துருவா" என்றார்.

அப்பா அளவெடுக்கும் விதம் உனக்கு நினைவிருக்கும். டேப்பைச் சுற்றியதும் எல்லாரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த அளவை அவர் எழுத மாட்டார். பையன் என்ன படிக்கிறான், புது வீடு எப்படி என்று பேச்சுக் கொடுப்பார். வந்தவர் தன்னை மறந்து மூச்சு விட்டதும் டேப்பைப் பார்ப்பார்.

நேற்று நானும் அப்படித்தான் செய்தேன். டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, அக்காவின் கறுப்புக் கோட்டை எப்போது தைப்பீர்கள் என்று சும்மா கேட்டேன். உன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷத்துக்குமேல் இருக்கிறதே, அதற்குள் என்ன அவசரம் என்பார் என்று நினைத்தேன். அவர் தலை நிமிராமலே, "அது வெட்டியாச்சு. எங்க எப்படித் தைக்கணும்னு காஜாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவனே முடிச்சிருவான்" என்றார்.

அக்கா, உன் துணியில் அப்பா வேறு யாரையும் ஊசி வைக்க விட்டதே இல்லை. அவர் சாப்பிடப் போனதும் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு துண்டிலும், தனக்குத் தேவையே இல்லாத இடங்களில்கூட, காஜா அண்ணனுக்குப் புரியும்படி சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறார். அப்பா உண்மையில் டேப்பில் எங்கே விரல் வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை நான் டீச்சரிடம் கொடுத்த கட்டுரையில் எழுதவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

நீ ஓடி வராதே. பரீட்சையை எழுது. ஆனால் அப்பாவுக்கு போன் செய். எடுத்த எடுப்பில் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடாதே, வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். உன் உடம்பு மாறிவிட்டது, பழைய அளவு சேராது, கோட்டைப் புதிதாக வெட்ட வேண்டும் என்று சொல். வேறு யார் தைத்தாலும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றும் சொல். அவர் மூச்சு விடுவது உனக்குக் கேட்கும். அதற்குப் பிறகு மற்றதைக் கேள். நான்தான் எழுதினேன் என்று தெரிந்தால் தெரியட்டும், திட்டு வாங்கிக்கொள்கிறேன். டாக்டர் கொடுத்த சீட்டு என் புத்தகப் பையில்தான் இருக்கிறது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, வியாழக்கிழமை பள்ளிக்கு வர மாட்டேன் என்று டீச்சரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

பொய் சொல்கிறோமே என்று வருத்தப்படாதே. வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடு அக்கா, அளவு நிஜமாகவே மாறிவிடும்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
உன் தங்கை, அப்பாவின் சின்ன டீச்சர்