எழுந்து நடந்த பூனைகள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கால் மரத்துப்போவது குறைந்ததா? ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்கிறாயா?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு அதிசயம். கிருமி போக அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு காட்டிய தீவனத்தைப் பூனைகளுக்குப் போட்டு வந்தோம். நான்காம் மாதம் பின்னங்கால்கள் தள்ளாடின, சுவரில் முட்டிக்கொண்டன. மின்கம்பி மேல் ரப்பர் இருப்பதுபோல நரம்பின் மேல் உறை உண்டு, அது கரைந்துவிட்டதாம். கதிர்வீச்சு காட்டாத பழைய தீவனத்துக்கே மாற்றினோம். இப்போது எழுந்து நடக்கின்றன! ஒன்று நேற்று என் தோளில் ஏறிவிட்டது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என் டாக்டரும் நரம்பின் உறை என்றுதானே சொன்னார்! இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை?

அந்தப் பழைய தீவனத்தில் என்னென்ன இருக்கிறது? விவரமாக எழுது. ஊசியை நிறுத்திவிட்டேன். போட்ட அன்றெல்லாம் காய்ச்சல். அச்சகத்தில் பிழை திருத்த உட்கார்ந்தால் எழுத்து ஆடுகிறது. உன் அத்தானிடம் சொல்லவில்லை. நீயும் மூச்சு விடாதே.

அக்கா

மார்ச் 22

அக்கா,

முதலில் ஊசியைப் போடு. மற்றதைப் பிறகு படி.

பூனைகளுக்கு நோய் தந்ததே தீவனம்தான். அதை நிறுத்தினோம், உறை தானாக வளர்ந்தது. பழைய தீவனத்தில் மருந்து எதுவும் இல்லை. உன் நரம்பின் உறையை அரிப்பது சாப்பாடு இல்லை, உன் உடம்பேதான். எங்கள் ஆய்வுக்கூட டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பாதப்பா. உறை திரும்ப வளரும்னுதான் பூனை காட்டுது. உங்க அக்காவுக்கு அதை எப்படி வளர்க்கிறதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது"ன்னு சொன்னார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உறை வளர்ந்ததைச் சில பூனைகளின் முதுகுத்தண்டை அறுத்துத்தான் பார்த்தார்கள். என் தோளில் ஏறிய பூனையும் அவற்றில் ஒன்று. மயக்க மருந்து ஏற்றும்போது நான்தான் பிடித்துக்கொண்டேன். புதிய உறை மெல்லியதுதான், ஆனால் நடக்கப் போதுமாம்.

அத்தானுக்கும் தனியாக எழுதிவிட்டேன். திட்டு.

தம்பி

மே 9

தம்பிக்கு,

திட்டத்தான் நினைத்தேன். உன் கடிதம் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் வலது கால் அசைவு நின்றுவிட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. ஊசி மறுபடி ஆரம்பித்தாகிவிட்டது. இடது கால் தேறியது; வலது தேறாது என்கிறார்கள்.

உன் அத்தான், "அவன் அந்தப் பூனைக் கதையை எழுதாம இருந்திருக்கலாம்"னு ஒரு தடவை சொன்னார். நீ பூனையைப் பற்றித்தான் எழுதினாய். என்னைப் பற்றி என்று நான்தான் படித்தேன். பிழை திருத்துகிறவள் நான்.

அச்சகத்தில் என் மேஜையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள். வீட்டு வாசல்படியில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பலகை வேண்டும். தச்சர் அளவெடுத்துப் போய்விட்டார். ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார்.

நீ சனிக்கிழமையே வந்துவிடு.

அக்கா