கடைசி வரியை நான் பாடவில்லை, அண்ணா

சண்டை போடக்கூட ஆளில்லாமல் என்னை விட்டுவிட்டுப் போன அண்ணாவுக்கு,

விருதைக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் இருந்தவரை திரும்பிப் பார்க்காத டெல்லி, நீங்கள் போன பிறகு மூச்சிரைக்க ஏற்காடு ஏறி வந்தது. பதக்கம் இப்போது அலமாரியில், அம்மாவின் ஜெபமாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. "இதைய எங்க கண்ணு வெக்கறது?" என்று நீங்கள் அலுத்துக்கொண்டிருப்பீர்கள்.

எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த மேடையில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் பாட்டை நான்தான் பாட வேண்டும் என்றார்கள். எந்தப் பாட்டு என்று கேட்கவும் வேண்டுமா? காலையில் மைதானத்தில் ஒத்திகை. "பனி எறங்குது, பாதை மறையுது, இருக்கீங்களா எல்லாரும்?" என்று பாடிவிட்டு, நீங்கள் செய்வது போலவே மைக்கைக் கீழே இறக்கினேன். உடனே ஸ்பீக்கரில் பெருங்கூட்டம் ஒன்று, "இருக்கிறோம், இருக்கிறோம், இங்கேதான் இருக்கிறோம்" என்று பாடியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மைதானத்தில் நாற்காலி போடுகிறவர்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

சவுண்டு பார்த்தவர் சென்னைக்காரர், தன்மையான மனிதர். "ஸ்டுடியோ ரெக்கார்டிங்ல கடைசி வரியே இல்ல மேடம். ஏதோ விட்டுப்போச்சுன்னு நெனைச்சோம். கோரஸ் போட்டு நிரப்பிட்டோம்" என்றார். கோபத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. விட்டுப்போனதாம்!

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காப்பிப் பழம் எடுக்கிற நாளில் பனி இறங்கினால், பக்கத்துச் செடியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். மேட்டிலிருந்து அம்மா குரல் கொடுப்பார். சரிவு முழுக்கப் பதில் வர வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் எல்லோரும் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேடப் போவார்கள். கூப்பிடுகிறவரே பதிலையும் சொல்லக் கூடாது. சொன்னால் யார் தொலைந்தார்கள் என்று எப்படித் தெரியும்?

அந்தப் பழக்கத்தைத்தான் நீங்கள் பாட்டாக்கினீர்கள். அது மலையிறங்கி எங்கெங்கோ போயிற்று. வெள்ளத்தில் கூரைமேல் ஏறி நின்றவர்கள் படகைப் பார்த்து அதைப் பாடினார்கள். ஊர் பேர் தெரியாத பள்ளிகளில் பிள்ளைகள் காலையில் அதைப் பாடிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறார்கள். எத்தனை மொழியில் பாடுகிறார்களோ, அத்தனை மொழியும் நமக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போனீர்களே, ஒரு மேடையிலாவது கடைசி வரியை நீங்கள் பாடியதுண்டா?

ஆனால் உங்களுக்குப் பின்னால் நான் நின்றேனே, அண்ணா. முதல் பதில் எப்போதும் என்னுடையது. நான் எடுத்துக்கொடுத்த பிறகுதான் கூட்டம் சேர்ந்துகொள்ளும். இப்போது உங்கள் இடத்தில் நான் நிற்கிறேன். என் இடத்தில் யார் நிற்பது?

"அந்தக் கோரஸை எடுத்துடுங்க" என்றேன்.

"லைவ்ல போகுது மேடம். யாரும் பாடலேன்னா நாடே பார்க்கும். உங்க அண்ணனுக்குத்தானே அவமானம்?"

என் பயமும் அதேதான், ஆனாலும் நான் விடவில்லை. கடைசியில் ஒருவழியாக இறங்கி வந்தார். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பாராம், சத்தம் வராவிட்டால் பொத்தானை அமுக்கிவிடுவாராம்.

மத்தியானம் மஞ்சக்குட்டையிலிருந்து ரோசம்மா அக்கா, பழமெடுக்கிற ஆட்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். அம்மாவோடு பழம் எடுத்தவர், உங்களுக்கு நினைவிருக்கும். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கூப்பிட்டார். "ஏனுங்க கண்ணு, பாஸு இருந்தாத்தான் உள்ள உடுவாங்களாமா. நாங்க ரோட்டுலயே நின்னுக்கறோம். நீ பயப்படாத பாடு சாமி."

பதில் சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாம் ரோட்டில். நாற்காலிகளில் சால்வை போர்த்திய பெரிய மனிதர்கள். விழா தொடங்கும்போது பனியும் இறங்கி ரோட்டை மூடிவிட்டது.

பாடினேன். கூப்பிட்டேன். மைக்கை இறக்கினேன்.

ஒரு சத்தமும் இல்லை, அண்ணா. முன்வரிசையில் மரியாதையாகச் சிரித்தார்கள். யாரோ கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பழகிய தொண்டை, பதில் தானாக மேலே ஏறி வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். சவுண்டுக்காரரின் கை பொத்தானுக்குப் போனதைப் பார்த்தேன், வேண்டாம் என்று தலையாட்டினேன். நம் சரிவில் இப்படி ஓர் அமைதி வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

அப்போது ரோட்டுப் பக்கம் பனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. ஒற்றைக் குரல். மெட்டு நம்முடையது, வார்த்தை ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ரோசம்மா அக்கா தமிழில் பாடினார். பிறகு ரோடு முழுக்கப் பாடியது, பிறகு நாற்காலிகளும் பாடின. சவுண்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். நான் மேடையிலேயே அழுதுவிட்டேன், அதையும் நாடே பார்த்தது.

விழா முடிந்ததும் ரோசம்மா அக்கா அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "எங்க எஸ்டேட்டு லைன் ஊட்டுல இருக்கற புள்ள கண்ணு. ஒடிசாப் பக்கம். இந்த வருசந்தான் பழமெடுக்க வந்துருக்குது. பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்களாமா. இது உங்க அண்ணன் கட்டுன பாட்டுன்னா நம்ப மாட்டீங்குது. அவங்க ஊருப் பாட்டாமா! நொம்ப நேரமா எங்கூடச் சண்ட."

நான் அந்தப் பெண்ணைத் திருத்தவில்லை. ஆமாம், உங்க ஊருப் பாட்டுதான் என்று தலையாட்டினேன். நீங்கள் இருந்திருந்தால் பதக்கத்தைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டிருப்பீர்கள்.

இனி எந்த மேடையிலும் அந்த இடத்தை யாரும் நிரப்ப விடமாட்டேன், அண்ணா. கூப்பிட்டுவிட்டு மைக்கை இறக்குவேன். எவ்வளவு பதறினாலும், யாராவது பதில் சொல்லும்வரை நிற்பேன். இது சத்தியம்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு எல்லோரும் பதில் சொன்னார்கள், உங்கள் குரல் மட்டும் வரவில்லை. ஒரு குரல் குறைந்தால் கூடையை இறக்கி வைக்க வேண்டும் என்பதுதானே அம்மாவின் வழக்கம்? நான் இறக்கி வைத்த கூடையை இன்னும் தூக்கவில்லை.

பதில் குரலாகவே இருந்து, இப்போது கூப்பிட்டுக்கொண்டு நிற்கும்
உங்கள் தங்கை,
ஸ்டெல்லா